தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டர் குப்புசாமி

ஜொகூர் பாரு கரையில் நின்று தெற்கே பார்த்தால் எதிரில் தெரிவது உட்லண்ட்ஸ். நடுவில் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் கல்லைக் கொட்டிப் போட்ட பாலம். நம் தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு இன்றைக்கு வேலைக்காடு அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிள்கள் எறும்பு வரிசை மாதிரி நகர்கின்றன. நாளொன்றுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் கடந்து போகிற சோதனைச் சாவடி அது. அந்த வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தாலே போதும், ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்கத் தேவையில்லை.

தூக்கம் பிடிக்காதவர்கள் தோட்டத்திலும் இருக்கிறார்கள், டவுனிலும் இருக்கிறார்கள். சிப்டு வேலை பார்க்கிறவன், கடன்காரன் வாசலுக்கு வருவானோ என்று படுத்துக் கிடக்கிறவன், பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடக்கிற பாட்டி, எல்லாரும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். யோகாசனம் செய்தால் தூக்கம் வருமாமே, தியானத்தில் உட்கார்ந்தால் வருமாமே என்று இப்போது பல பேர் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரு மனிதருடைய வாழ்க்கையைச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. உலகம் அவரை ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர் என்று அறியும். ஆனால் அவர் நம்ம பாட்டன் பூட்டன் காலத்தில் மலாயா ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவர். பிறகு ஜொகூர் பாருவில், உட்லண்ட்சுக்கு எதிர்க்கரையில், வைத்தியம் பார்த்தவர். இது நம்மவர்களில் பல பேருக்குத் தெரியாது.

பாய் நெய்கிற ஊரில் பிறந்தவர்

திருநெல்வேலிச் சீமையில் பத்தமடை என்று ஓர் ஊர். கோரைப் பாய்க்குப் பேர் போனது. பட்டுப் போல மடிக்கலாம் என்பார்கள் அந்தப் பாயை. படுத்துத் தூங்கப் பாய் நெய்கிற ஊரில் பிறந்தவர் பிற்காலத்தில் தூக்கத்தைப் பற்றியும் எழுதினார் என்றால் பொருத்தம்தானே!

1887 செப்டம்பர் 8ஆம் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் குப்புசாமி. தகப்பனார் வேங்கு ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வரி வசூல் அதிகாரி. தாயார் பார்வதி அம்மாள். பெரிய பண்டிதரான அப்பைய தீட்சிதரின் வம்சம். ஆச்சாரமான குடும்பம் என்று சொல்லவே வேண்டியதில்லை. எட்டயபுரம் ராஜா உயர்நிலைப் பள்ளியில் படித்தார். படிப்பில் கெட்டி. குஸ்தி, தேகப்பயிற்சி, சிலம்பம், பாட்டு எல்லாவற்றிலும் கை வைத்தார்.

அந்தக் காலத்து நடப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருக்குச் சிலம்பமும் வாள்வீச்சும் கற்றுக் கொடுத்தவர் தாழ்ந்த சாதி என்று ஊர் ஒதுக்கி வைத்த ஒரு மனிதர். பிராமணப் பிள்ளை அவரிடம் போய்க் கற்பதாவது என்று சொந்தக்காரர்கள் கண்டித்தார்கள். சில நாள் போகாமல் இருந்தார். அப்புறம் மனசு கேட்கவில்லை. பூவும் பழமும் புதுத் துணியும் எடுத்துக்கொண்டு போய், அந்த ஆசிரியருக்கு மாலை போட்டுக் காலில் விழுந்து எழுந்தார். நூறு வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலிக் கிராமத்தில் இது சின்ன விஷயம் இல்லை. தோட்டத்துக்கு வந்த பிறகும் சாதி பார்த்து லயம் பிரித்த கதைகளை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

திருச்சியில் கல்லூரி படித்துவிட்டுத் தஞ்சாவூரில் வைத்தியப் படிப்புக்குச் சேர்ந்தார். லீவு விட்டால் மற்றப் பிள்ளைகள் ஊருக்கு ஓடுவார்கள். இவர் ஆஸ்பத்திரியிலேயே கிடப்பார். அறுவைச் சிகிச்சை நடக்கிற அறைக்குள் நுழைய இவருக்குத் தடையில்லை. தகப்பனார் காலமானார், தாயாருக்கும் உடம்பு சரியில்லை, படிப்பு நின்றது. 1909இல் தாயாரிடம் நூறு ரூபாய் வாங்கி அம்ப்ரோசியா என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு வைத்தியப் பத்திரிகை நடத்தினார். நாலு வருஷம் ஓடியது. பாதிக் கட்டுரைகள் வேறு வேறு பெயரில் அவரே எழுதியவை. பத்திரிகை வயிற்றை நிரப்பவில்லை. சென்னையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். அப்போதுதான் மலாயா ஆசை பிடித்தது. அந்த வயசில் யாருக்குத்தான் பிடிக்கவில்லை!

கப்பல் ஏறினார்

1913ஆம் வருஷம் எஸ்.எஸ். தாரா என்ற கப்பலில் ஏறினார். ஆச்சாரக் குடும்பத்துப் பிள்ளை, கப்பல் சாப்பாட்டைத் தொட மாட்டார். வீட்டிலிருந்து கட்டிக் கொண்டுவந்த பலகாரத்தைத் தின்று தண்ணீரைக் குடித்தபடி வந்து சேர்ந்தபோது பாதி உயிராக இருந்தாராம். டாக்டர் ஐயங்கார் என்பவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு சிரம்பானில் டாக்டர் பார்சன்ஸைப் பார்த்தார். அவரிடத்தில் வேலை இல்லை. ஆனால் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் துரை ராபின்ஸிடம் கூட்டிக் கொண்டு போனார். தோட்டத்துக்குச் சொந்த ஆஸ்பத்திரி உண்டு.

ராபின்ஸ் ஆள் நெடுநெடு உயரம், தடித்த உடம்பு, முன்கோபி. ஒரு ஆஸ்பத்திரியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். ஒன்று என்ன, மூன்றையும் பார்த்துக்கொள்வேன் என்று பதில் சொன்னார் இந்த இருபத்தாறு வயசுக்காரர். துரைக்குப் பிடித்துப் போயிற்று. அன்றைக்கே வேலை.

அந்த வருஷங்களில் மலாயாத் தோட்டம் எப்படி இருந்தது? ஒப்பந்தக் கூலி முறையை 1910இல்தான் நிறுத்தியிருந்தார்கள். கங்காணி மார் ஊர் ஊராகப் போய் ஆள் கட்டிக் கொண்டு வந்த காலம். காட்டை அழித்து மரம் நட்ட இடமெல்லாம் மலேரியாக் கொசு. கொக்கிப் புழு, வயிற்றுப்போக்கு, சீக்குப் புண். கப்பலில் வந்து இறங்கி ஒரு வருஷம் முடிவதற்குள் செத்தவர்கள் ஏராளம். 1918இல் உலகத்தையே புரட்டிப் போட்ட விஷக் காய்ச்சல் மலாயாத் தோட்டங்களையும் விடவில்லை. குப்புசாமி அந்த வருஷமும் சிரம்பான் பக்கத்துத் தோட்டத்தில்தான் இருந்தார்.

ஏழு வருஷத்துக்குக் கிட்ட அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். ராத்திரி எந்த நேரத்தில் கதவைத் தட்டினாலும் எழுந்து போவார். ஏழைக்குக் கட்டணம் வாங்க மாட்டார். குணமாகி வீட்டுக்குப் போகிறவனுக்குச் செலவுக்குக் கையில் காசும் கொடுத்து அனுப்புவார். ஊரிலிருந்து வேலை தேடி வந்து திண்டாடுகிற பையன்களை வீட்டில் வைத்துச் சோறு போட்டு, ஆஸ்பத்திரி வேலை பழக்கி, வேறு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பி வைத்தார். நோய்களின் பெயர்களைத் தமிழில் எழுதி ஒரு புத்தகம் போட்டார். வீட்டு வைத்தியம், பொதுச் சுகாதாரம் பற்றியும் எழுதினார். சிங்கப்பூரில் வந்துகொண்டிருந்த மலாயா டிரிபியூன் பத்திரிகைக்குச் சுகாதாரக் கட்டுரைகள் அனுப்பினார்.

சாமியார் ஆகிற ஆள் என்று அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது. நல்ல துணி, தங்கம், வெள்ளி, சந்தனக்கட்டைச் சாமான்கள் என்றால் கொள்ளை ஆசை. பத்து விரலிலும் மோதிரம் போட்டுக்கொண்டு நடப்பாராம். மாலையானால் ஆர்மோனியத்தை எடுத்து வைத்துப் பஜனை. இந்த மோதிர விஷயத்தை வரலாறு எழுதியவர்கள் மறைக்காமல் எழுதி வைத்தது நல்லதாயிற்று. பிறக்கும்போதே ஞானி என்று சொல்லிவிட்டால் நமக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லாமல் போய்விடும்.

உட்லண்ட்சுக்கு எதிர்க்கரையில்

1920ஐ ஒட்டி அவர் தோட்டத்தை விட்டு ஜொகூர் பாருவுக்கு மாறினார். பார்சன்ஸ், கிரீன் என்ற இரண்டு வெள்ளைக்கார டாக்டர்களுடைய மருத்துவ நிலையத்தில் மூன்று வருஷம். அந்தக் காலத்தில் சிங்கப்பூர் ரயில் உட்லண்ட்சோடு நின்றுவிடும். 1903இல் போட்ட பாதை அது. அங்கிருந்து படகில் ஏறித்தான் ஜொகூருக்கு வர வேண்டும். சரக்கு வண்டிகளையும் மிதவையில் ஏற்றிக் கடத்துவார்கள். ரப்பரும் ஈயமும் பெருகப் பெருக மிதவை தாங்கவில்லை. எனவே கடலைத் தூர்த்துப் பாலம் போட முடிவு செய்தார்கள். புக்கிட் தீமாவிலும் புலாவ் ஊபினிலும் மலையை உடைத்துக் கருங்கல் கொண்டுவந்து கொட்டினார்கள். இரண்டாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள்.

குப்புசாமி ஜொகூர் பாருவில் இருந்த வருஷங்களில்தான் அந்தப் பாலம் கல் கல்லாக எழுந்தது. 1923 செப்டம்பரில் சரக்கு ரயிலும் அக்டோபரில் பயணிகள் ரயிலும் ஓட ஆரம்பித்தன. அதே 1923இல் குப்புசாமி மலாயாவை விட்டுக் கிளம்பிவிட்டார். ஏன் கிளம்பினார்?

ஒரு சாதுவுக்கு வைத்தியம் பார்த்தாராம். அவர் போகும்போது ஒரு வேதாந்தப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் படித்ததில் மனசு திரும்பியது என்று சொல்வார்கள். புத்தகம் ஒன்று மட்டும் ஒரு மனிதனை அப்படித் திருப்பிவிடும் என்று நான் நினைக்கவில்லை. பத்து வருஷமாக அடுத்தவன் வலியைப் பார்த்தவர். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துத் தேற்றி அனுப்பினவன் மறு மாசம் அதே காய்ச்சலோடு அதே கட்டிலுக்குத் திரும்பி வருவதைத் தோட்டத்து டிரெஸ்ஸர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உடம்பைத் தேற்றினால் போதாது, அதற்கு மேலே ஏதோ ஒன்று வேண்டும் என்று ஒரு டாக்டருக்குத் தோன்றுவது ஆச்சரியமில்லை. தொழிற்சங்கக்காரனுக்கு அந்த இடத்தில் வேறு பதில் தோன்றும். அவருக்கு இந்தப் பதில் தோன்றியது.

சென்னையில் இறங்கி, மூட்டை முடிச்சுகளை நண்பர் வீட்டில் போட்டுவிட்டுக் காசிக்கு ரயில் ஏறினார். மகாராஷ்டிரத்துப் பக்கம் அலைந்தார். ஒரு போஸ்ட் மாஸ்டர் வீட்டில் சமையல்காரராகக் கூட இருந்தார். பத்து விரலிலும் மோதிரம் போட்டவர் பாத்திரம் தேய்த்தார். கடைசியில் ரிஷிகேசம். 1924 ஜூன் 1ஆம் தேதி விசுவானந்த சரஸ்வதி என்ற துறவி அவருக்குச் சந்நியாசம் கொடுத்தார். அன்றிலிருந்து பெயர் சிவானந்த சரஸ்வதி. அதே மாசம் 28ஆம் தேதி ஜொகூர் பாலத்தை அதிகாரபூர்வமாகத் திறந்து வைத்தார்கள்.

கங்கைக் கரையில் சுவர்க்காசிரமத்தில் ஒரு சின்னக் குடில். காய்ந்த ரொட்டியைச் சேர்த்து வைத்துக் கங்கைத் தண்ணீரில் நனைத்துத் தின்றபடி நாள் முழுக்கத் தியானம். ஆனால் டாக்டர் புத்தி போகவில்லை. காலரா, அம்மை கண்ட சாதுக்களை யாரும் தொடப் பயப்படும்போது இவர் போய்த் துடைத்துச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார். 1927இல் பழைய இன்சூரன்ஸ் பணம் ஏதோ ஐயாயிரம் ரூபாய் கைக்கு வந்தது. அதை வைத்து லட்சுமண் ஜூலாவில் தர்ம மருந்துக்கூடம் நடத்தினார். மலையேறி பத்ரிநாத் போகிறவர்களுக்கு அங்கே இலவச வைத்தியம்.

1936இல் தெய்வ நெறிக் கழகத்தை ஆரம்பித்தார். எழுத்து, எழுத்து, எழுத்து. சுமார் முந்நூறு புத்தகங்கள். எளிமையான ஆங்கிலம், டாக்டர் சீட்டு எழுதுகிற மாதிரி: இதைச் செய், இத்தனை நிமிஷம் செய், இதைச் செய்யாதே. காட்டுக்குப் போய்த் தவம் கிடந்தவனுக்கு மட்டும் யோகம் என்று இருந்ததை எடுத்து, ஆபீஸ் குமாஸ்தா தபாலில் கற்றுக்கொள்கிற மாதிரி ஆக்கினார். அதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பேன்.

தூக்கத்துக்கு வருவோம்

அவர் சொன்னதில் தூக்கத்துக்கு நேராகப் பயன்படுவது சவாசனம். பிணம் போலக் கிடப்பது என்று அர்த்தம். பேரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம்! பாயில் மல்லாந்து படுக்க வேண்டும். கால் கொஞ்சம் அகலம், கை உடம்பை ஒட்டாமல், உள்ளங்கை மேலே பார்த்து. கண்ணை மூடிக் கால் கட்டை விரலிலிருந்து ஆரம்பித்துப் பாதம், கெண்டைக்கால், முழங்கால், தொடை, வயிறு, மார்பு, தோள், கழுத்து, தாடை, நெற்றி என்று ஒவ்வொரு இடமாக மனசைக் கொண்டு போய், அந்த இடத்தைத் தளர விட வேண்டும். அரிவாளும் சட்டக்கோலும் பிடிக்கிற கைக்குத் தோளிலும் கழுத்திலும்தான் இறுக்கம் நிற்கும். அங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கலாம். மூச்சு மெதுவாக, இழுப்பதைக் காட்டிலும் விடுவது நீளமாக. மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். கால் மணி நேரம் போதும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தூங்கியே ஆக வேண்டும் என்று படுத்தால் தூக்கம் ஓடிப் போகும். சவாசனத்தில் தூங்குவது நோக்கமில்லை, தளர்வது மட்டும்தான் நோக்கம். தூக்கம் வந்தால் வரட்டும். வராவிட்டாலும் உடம்பு ஓய்ந்திருக்கும்.

சாமியார் சொன்னது என்பதால் இதை நம்ப வேண்டும் என்பதில்லை. சிவானந்தரின் யோகப் பயிற்சி நூலின் முதல் பாகம் 1929இல் சென்னையில் அச்சானது. அதே 1929இல் அமெரிக்காவில் சிக்காகோ டாக்டர் எட்மண்ட் ஜேக்கப்சன், தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர விடுகிற முறையைப் புத்தகமாகப் போட்டார். இரண்டு பேரும் வேறு வேறு வழியில் நடந்து வந்து கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கிறார்கள். 2015இல் லாஸ் ஏஞ்சல்ஸில், தூக்கம் கெட்டிருந்த முதியவர்கள் 49 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆறு வாரம் தியானம் பழகியவர்களுக்கு, தூக்கத்துக்கு வேண்டிய நல்ல பழக்கங்களைப் பற்றிய பாடம் மட்டும் கேட்டவர்களை விடத் தூக்கம் தேறியது. சின்ன ஆய்வுதான். இது சர்வரோக நிவாரணி என்று யாராவது விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள். ஆனால் காசு செலவில்லாத காரியம், கெடுதல் அபூர்வம், செய்து பார்க்கலாம்.

தியானம் உட்கார வராதவர்களுக்கு அவர் ஜபத்தைச் சொன்னார். இஷ்ட தெய்வத்தின் பேரை மூச்சோடு சேர்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பது. நம் பாட்டிமார் முருகா முருகா என்று புரண்டு படுப்பதும் அதுதான். மாதாவைக் கும்பிடுகிறவர்கள் ஜெபமாலை சொல்லலாம், இஸ்லாமியர் தஸ்பீஹ் உருட்டலாம். எல்லா மதமும் ஒன்றே என்று ஆசிரமத்தில் வைத்திருந்த மனிதர் அவர். மனசு கடன் கணக்கைச் சுற்றாமல் ஒரு சொல்லைச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று டயரி. சீடர்களுக்கு ஒரு தினசரி டயரி அச்சடித்துக் கொடுத்தார். எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்பதெல்லாம் அதில் கேள்வி. இன்றைக்குத் தூக்க நோய் பார்க்கிற டாக்டர்களும் முதலில் இதையே கேட்கிறார்கள். இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், நடுவில் எத்தனை தரம் முழித்தோம், கடைசியாகத் தேத்தண்ணீர் குடித்தது எப்போது. குடித்த தேத்தண்ணீரில், கோப்பியில் உள்ள சரக்கு பாதி குறைவதற்கே ஐந்தாறு மணி நேரம் ஆகும். சம்சுவும் பீரும் கண்ணைச் சொருக வைக்கும்; நடுராத்திரியில் எழுப்பி விட்டுவிடும். தூக்கமே வராமல் ரொம்ப நேரம் புரண்டால் எழுந்து உட்காருங்கள், கண் கனத்த பிறகு பாய்க்குப் போங்கள். அமெரிக்க டாக்டர்கள் சங்கம் ஒன்று 2016இல் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையை முதலில் கொடுக்காதே, இந்த மாதிரிப் பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்துகிற சிகிச்சையைத்தான் முதலில் கொடு என்று சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்.

அவரோடு எனக்கு ஒத்துப்போகாத ஓர் இடமும் உண்டு. விடியற்காலை நாலு மணிக்குப் பிரம்ம முகூர்த்தத்தில் எழு, தூக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை என்று சீடர்களுக்குச் சொன்னார். நம்ம ஆட்கள் எந்த குருவும் சொல்லாமலே நாலு மணிக்கு எழுந்து அஞ்சரை மணிப் பெரட்டுக்கு நின்ற பரம்பரை! ஆசிரமத்தில் மதியம் சாயலாம், செம்பனைக் காட்டில் முடியுமா? வளர்ந்த ஆளுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்பது இன்றைய வைத்தியத்தின் தீர்ப்பு. நாலு மணிக்கு எழுகிறவன் ஒன்பது மணிக்குப் படுத்தாக வேண்டும். உட்லண்ட்ஸ் தாண்டிப் போய் வருகிற பிள்ளை வீட்டுக்குத் திரும்பவே ஒன்பது ஆகிறது. பாலத்து நெரிசலில் போகிற நேரமும் தூக்கத்திலிருந்துதான் கழிகிறது.

ராத்திரி சிப்டு இன்னும் மோசம். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, அது வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது. வாரத்துக்கு ஒரு தரம் சிப்டை மாற்றினால் அந்தக் கடிகாரம் குழம்பிவிடும். சவாசனம் செய்கிறாயா, அப்படியானால் சிப்டை இன்னும் கூட்டலாம் என்று எந்த முதலாளியாவது யோகா வகுப்பு வைத்துக் கொடுத்தால், வகுப்புக்குப் போங்கள், ஆனால் சிப்டு அட்டவணையைப் பற்றிய பேச்சைச் சங்கத்தில் விட்டுவிடாதீர்கள். லயத்து வீட்டுக் கூரைச் சூடும், பக்கத்து ஜெனரேட்டர் சத்தமும் பிராணாயாமத்தால் குறையாது.

டாக்டரிடம் போக வேண்டிய தூக்கக்கேடும் உண்டு. பலத்த குறட்டை விட்டு மூச்சு நின்று திடுக்கென்று எழுகிறவர், பகலில் மோட்டார் சைக்கிளில் கண் சொருகுகிறவர், எதிலும் மனசு பிடிக்காமல் சாகலாமா என்று நினைப்பு வருகிறவர், இவர்கள் கிளினிக்குக்குப் போக வேண்டும், உடனே. சிவானந்தரே ஊசி போட்ட கை.  தலைகீழாக நிற்கிற சிரசாசனத்தை ரத்த அழுத்தக்காரர்கள் படத்தைப் பார்த்துச் செய்து வைக்க வேண்டாம்.

கோடாலியும் மன்னிப்பும்

அவருடைய மனசு எவ்வளவு ஓய்ந்திருந்தது என்று காட்ட ஒரு சம்பவம். 1950 ஜனவரி 8, ராத்திரி சத்சங்கம். மங்கின வெளிச்சத்தில் ஆசிரமத்திலேயே தங்கியிருந்த ஒரு தமிழன் கோடாலியை எடுத்து அவர் தலையைக் குறிவைத்து வீசினான். தலைப்பாகை தடுத்தது, வெட்டு தவறியது. கூட இருந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். போலீசில் கொடுத்துவிடலாம் என்றார்கள். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. அடைத்து வைத்திருந்த இடத்துக்குப் போய் அவனுக்குத் திருநீறு பூசி, பழமும் துணியும் புத்தகங்களும் கொடுத்து, துணைக்கு ஆளையும் போட்டு ஊருக்கு ரயில் ஏற்றி அனுப்பினார். தன்னை வெட்ட வந்தவனை வழியனுப்பிவிட்டுப் படுக்கிற மனிதனுக்குத் தூக்கம் எப்படி வரும் என்பது நம் போன்றவர்களுக்குப் புரிகிற சங்கதியில்லை. நமக்கோ பங்காளி பேசிய ஒரு வார்த்தை மூணு நாள் தூக்கத்தைக் கெடுத்துவிடுகிறது.

அதே வருஷம் செப்டம்பரில் கிளம்பி இந்தியா முழுக்கவும் இலங்கைக்கும் போய் வந்தார். மலாயாவுக்கு மறுபடி அவர் வரவில்லை. சீடர்கள் வந்தார்கள், போனார்கள். பத்துமலைப் பக்கத்தில் அவர் பெயரில் ஆசிரமம் இருக்கிறது. அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957இல் மேற்கு நாடுகளுக்குப் போய் யோகத்தைப் பரப்பினார்.

தூக்கத்தோடு அதிகம் சம்பந்தப்பட்ட சீடர் சத்யானந்தர். ரிஷிகேசத்தில் இருந்தபோது ஒரு வேதப் பாடசாலைக்கு ராத்திரிக் காவல் போட்டிருந்தார்கள். விடிய விடிய முழித்திருந்துவிட்டு மூணு மணிக்குத் தூங்கிப் போவார். நாலு மணிக்குப் பிள்ளைகள் எழுந்து வேதம் ஓதுவார்கள்; இவர் காதில் விழாது. பின்னால் வேறொரு இடத்தில் அதே பிள்ளைகள் ஓதியபோது, படிக்காத அந்த மந்திரங்கள் தனக்குப் பழக்கமாக இருப்பதைக் கண்டு திகைத்தார். தூக்கத்திலும் மனசின் ஒரு பாகம் முழித்திருக்கிறது என்று அதிலிருந்து யோசித்து, யோக நித்திரை என்ற முறையை வகுத்தார். பாயில் படுத்து, ஒருவர் சொல்லச் சொல்ல உடம்பின் ஒவ்வொரு பாகமாக மனசைச் சுற்ற விடுவது. இப்போது டெலிபோனில் தூக்கத்துக்கு என்று கேட்கிற ஒலிப்பதிவுகளில் பாதிக்கு மேல் இதன் பேரன் பேத்திகள்தான். ராத்திரிக் காவல் பார்த்த ஒரு வாட்ச்மேனின் தூக்கக் கலக்கத்தில் பிறந்த முறை என்றால் நம் ஆட்களுக்குச் சொந்தம் கொண்டாட உரிமை இருக்கிறது!

சிவானந்தருக்கு நீரிழிவு. பிற்காலத்தில் உடம்பு கனத்து, நடக்கச் சிரமப்பட்டார். இருந்தும் ஆபீசுக்கு வந்து கடிதங்களுக்குப் பதில் எழுதுவதை நிறுத்தவில்லை. 1963இல் பக்கவாதம் கண்டது. ஜூலை 14ஆம் தேதி ராத்திரி, கங்கைக் கரையில் இருந்த தன் குடிலில் காலமானார். வயது எழுபத்தாறு நடந்துகொண்டிருந்தது. மருந்துப் பெட்டியோடு அவர் தொடங்கிய இலவச வைத்தியம், ஆசிரமத்துத் தர்ம ஆஸ்பத்திரியாக ரிஷிகேசத்தில் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது.